மண்டை ஓடு வரைந்தால் போதுமா? வேப்பிங் தடுப்புப் பிரசாரம் வேலை செய்யும் விதம்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளியில் நடந்த சுவரொட்டிப் போட்டிக்கு நடுவர்களில் ஒருத்தனாகப் போயிருந்தேன். தலைப்பு 'வேப்பிங்கை ஒழிப்போம்'. கூடத்தின் நான்கு சுவர்களிலும் ஒட்டியிருந்தார்கள். பாதிக்கு மேல் மண்டை ஓடு. மிச்சத்தில் கறுத்த நுரையீரல், சவப்பெட்டி, குறுக்கே சிவப்புக் கோடு போட்ட வட்டம். ஒரு பையன் மட்டும் உண்மையிலேயே வரையத் தெரிந்தவன். ஊதா நிற வேப் ஒன்றை அதன் உலோகப் பளபளப்போடும், சுருள் சுருளாக எழும் புகையோடும் வரைந்து, கீழே சின்ன எழுத்தில் 'வேண்டாம்' என்று போட்டிருந்தான். அதன் முன்னால் நின்ற இரண்டு பையன்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "செமையா இருக்குல்ல? எந்த மாடல்டா இது?"

தடுக்க வரைந்த படம் விற்க வரைந்த படமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பிள்ளைகள் வேப்பிங் பக்கம் போகாமல் தடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்கள் உடனே சொல்வது இரண்டு. 'விழிப்புணர்வு ஏற்படுத்தணும்', 'நல்லா பயமுறுத்தணும்.' இரண்டுமே பாதி சரி, பாதி தப்பு. ஒரு செய்தி ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் மனசுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை அறுபது வருடங்களாக உளவியல்காரர்கள் நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அதில் கிடைத்ததை, புதிதாகப் படிக்கிறவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

## முதலில், வேப் என்பது என்ன

வேப் அல்லது இ-சிகரெட் பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி. உள்ளே ஒரு திரவம், அதைச் சூடாக்க ஒரு கம்பிச் சுருள். வாயில் வைத்து உறிஞ்சினால் சுருள் சூடேறும், திரவம் பனிமூட்டம் போல வெளியே வரும். சிகரெட்டில் நடப்பது போல இங்கே புகையிலை எரிவதில்லை, அதனால் சாம்பல் கிடையாது, தார் கிடையாது. பார்க்க நீராவி மாதிரி இருக்கும். ஆனால் அது புரொப்பலீன் கிளைக்கால், கிளிசரின், சுவைக்காகச் சேர்க்கும் ரசாயனங்கள், பெரும்பாலும் நிக்கோட்டினும் சேர்ந்த நுண்துளிகளின் கூட்டம். இப்படிக் காற்றில் மிதக்கும் நுண்துளிக் கூட்டத்துக்குத்தான் ஏரோசால் என்று பெயர்.

ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வது நிக்கோட்டின். உள்ளே இழுத்த சில நொடிகளில் மூளையைத் தொட்டுவிடும். மூளை 25 வயது வாக்கில்தான் முழுசாக வளர்ந்து முடிக்கிறது. அதற்கு முன்னால் பழகினால் பிடி இறுகுவதும் சுலபம். பழைய வகைத் திரவத்தில் நிக்கோட்டின் கூடினால் தொண்டை கரகரக்கும், இருமல் வரும். புதுப் பிள்ளைகளை அந்த இருமலே ஓரளவு துரத்திவிடும். 2015-ல் அமெரிக்காவில் வந்த ஜூல் போன்ற கருவிகள் இந்தத் தடையை எடுத்துவிட்டன. நிக்கோட்டினோடு ஓர் அமிலத்தைச் சேர்த்தார்கள், உறுத்தல் குறைந்தது. இதை நிக்கோட்டின் சால்ட் என்பார்கள். நிறைய நிக்கோட்டின், தொண்டைக்குத் தெரியாமல் இறங்கும்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வில், ஜூல் இழுத்துக்கொண்டிருந்த 15 முதல் 24 வயதுக்காரர்களில் 63 சதவீதம் பேருக்கு அதில் எப்போதுமே நிக்கோட்டின் இருக்கும் என்பது தெரிந்திருக்கவில்லை. கையில் இருப்பது என்னவென்றே தெரியாமல் இழுத்திருக்கிறார்கள். இந்த மாதிரி இடத்தில் தகவலுக்கு நிச்சயம் வேலை இருக்கிறது.

## தெரிந்துகொள்வதும் மாறுவதும்

ஆனால் தகவல் ஓர் எல்லை வரைக்கும்தான் வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் மறுநாள் தலை கனக்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது? தெரிந்தும் பார்க்கிறோம். 'தூக்கம் உடம்புக்கு நல்லது' என்று யாராவது அப்போது வந்து சொன்னால் எரிச்சல்தான் வரும்.

விழிப்புணர்வு என்பது ஒரு விஷயம் காதில் விழுவது. இணங்கவைத்தல் என்பது வேறு. கேட்கிறவர் தானே யோசித்து, தன் விருப்பத்தோடு ஒரு முடிவுக்கு வரும்படி பேச்சை அமைப்பது. முதலாவதற்கு ஒலிபெருக்கி போதும். இரண்டாவதற்கு, எதிரில் இருப்பவரின் மனசில் ஏற்கெனவே என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்காகப் பேசுகிறோம் என்பதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். புகையிலை ஆய்வுகளில் பிள்ளைகளிடம் கேட்கும் ஒரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'உன் நெருங்கிய நண்பன் ஒருவன் நீட்டினால் இழுத்துப் பார்ப்பாயா?' பதிலுக்கு நான்கு கட்டங்கள் இருக்கும்: நிச்சயமாக ஆமாம், அநேகமாக ஆமாம், அநேகமாக மாட்டேன், நிச்சயமாக மாட்டேன். கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தவர்களை மட்டும்தான் ஆய்வாளர்கள் உறுதியானவர்கள் என்று கணக்கு வைக்கிறார்கள். 'அநேகமாக மாட்டேன்' என்ற பிள்ளை நமக்கு நல்ல பிள்ளையாகத் தெரியும். அவர்கள் கணக்கில் அது ஊசலாடும் பிள்ளை. தடுப்புப் பிரசாரம் முக்கியமாகக் குறிவைப்பது அந்த 'அநேகமாக'வைத்தான். ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைக்கு வேறு பேச்சு வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வேப்பில் இருப்பது வெறும் நீராவி அல்ல, அது பலருக்குத் தெரியவில்லை, அதைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் சொன்னால் மட்டும் நடத்தை மாறிவிடாது. ஊசலாடுகிறவரை உறுதிக்கு நகர்த்துவதுதான் வேலை.

## முரண்டு

'ஈரப் பெயின்ட், தொடாதே' என்று எழுதிய சுவரைக் கடந்து போகும்போது விரல் நுனி அரிக்கும். அந்தப் பலகை இல்லாவிட்டால் அந்தச் சுவரைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

1966-ல் அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் இதற்கு ஒரு கோட்பாடே எழுதினார். ஆங்கிலத்தில் ரியாக்டன்ஸ் என்கிறார்கள். நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது, முரண்டு. தன் சுதந்திரத்தில் யாரோ கைவைக்கிறார்கள் என்று ஒருவருக்குத் தோன்றினால், பறிபோவதைத் திரும்பப் பிடிக்க மனசு துள்ளும். விலக்கிய பொருள் மேல் ஆசை கூடும். விலக்கியவர் மேல் எரிச்சல் வரும், அவர் சொன்ன காரணத்தில் ஓட்டை தேடத் தோன்றும். இது எல்லா வயதிலும் உண்டு. பதின்பருவத்தில் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் 'என் முடிவை நான் எடுப்பேன்' என்று காட்டுவதே அந்த வயதின் பாதி வேலை.

"அதைத் தொட்டே பாரு, காலை ஒடிச்சிடுவேன்" என்று அம்மா சொல்லும்போது அவருடைய மனசில் இருப்பது அக்கறை. பையனின் காதில் விழுவது சவால். அவர் சொன்ன செய்தியும் அவன் கேட்ட செய்தியும் வேறு வேறு.

இதற்குப் புகையிலை வரலாற்றில் அருமையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1998-ல் பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனமே பிள்ளைகளுக்காக ஒரு தடுப்பு விளம்பரத்தை ஓடவிட்டது. அதன் வாசகம் 'யோசி. புகைக்காதே.' நிறுவனத்தின் நோக்கம் என்ன என்ற சர்ச்சை ஒரு பக்கம் இருக்கட்டும், வாசகத்தை மட்டும் பாருங்கள். இரண்டு வார்த்தை, இரண்டும் கட்டளை. அதே காலத்தில், சிகரெட் நிறுவனங்கள் 46 அமெரிக்க மாநிலங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப் பணத்தில் உருவான ஓர் அமைப்பு 'ட்ரூத்' என்ற பிரசாரத்தை 2000-ல் தொடங்கியது. அதில் 'புகைக்காதே' என்ற சொல்லே கிடையாது. பிரபலமான ஒரு படத்தில் இளைஞர்கள் லாரியில் வந்து இறங்கி, நியூயார்க்கில் ஒரு பெரிய சிகரெட் நிறுவனத்தின் அலுவலக வாசலில் பிணப்பைகளை அடுக்குகிறார்கள். மொத்தம் 1,200. அமெரிக்காவில் புகையிலையால் ஒரு நாளில் இறப்பவர்களின் எண்ணிக்கை அது. ஒருவன் ஒலிபெருக்கியில் மேல் மாடியைப் பார்த்துக் கேள்வி கேட்கிறான். அவ்வளவுதான் படம். பார்க்கிற பிள்ளையை யாரும் எதுவும் செய்யச் சொல்லவில்லை.

2002-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு இரண்டையும் பார்த்த 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. ட்ரூத்தைப் பார்த்தவர்களிடம் புகையிலைக்கு எதிரான மனநிலை கூடியிருந்தது. 'யோசி. புகைக்காதே' பார்த்தவர்களிடம், அடுத்த வருடத்தில் புகைக்கலாம் என்ற எண்ணம் கூடியதோடு தொடர்பு தெரிந்தது. பிறகு வந்த இன்னொரு ஆய்வு, 1999-லிருந்து 2002 வரை மாணவர்களிடையே புகைப்பழக்கம் குறைந்ததில் ஏறத்தாழ 22 சதவீதத்துக்கு ட்ரூத் காரணம் என்று கணித்தது.

ட்ரூத் முரண்டை அடக்கப் பார்க்கவில்லை, அதைத் திருப்பிவிட்டது. 'உன்னைக் கட்டுப்படுத்தப் பார்ப்பது பெரியவர்கள் இல்லை, அந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறவர்கள்' என்று காட்டியது. எதிர்த்து நிற்கும் குணம் அப்படியே இருந்தது, எதிர்க்க வேண்டிய ஆள் மாறினான். வேப்பிங்குக்கும் இதே வழி நன்றாகப் பொருந்துகிறது. போதைப் பழக்கம் என்பதே சுதந்திரம் போவதுதானே. காலையில் கண் விழித்ததும் கை எதைத் தேடுகிறது, வகுப்பு நடுவில் எதற்காக வெளியே போக அனுமதி கேட்கிறாய், முடிவெடுப்பது நீயா அதுவா என்று கேட்டால் அது அந்த வயதின் ரோஷத்தையே தொடும்.

## பயம்: எவ்வளவு, எதோடு சேர்த்து

'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியை நம்பித்தான் பெரும்பாலான சுவரொட்டிகள் வரையப்படுகின்றன. பயம் வேலை செய்யாது என்று நான் சொல்லவரவில்லை. தனியாக விட்டால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது, அதுதான் சிக்கல்.

1965-ல் ஹோவர்ட் லெவென்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். விஷயம் டெட்டனஸ் தடுப்பூசி. சில மாணவர்களுக்குக் குலைநடுங்க வைக்கும் படங்களோடு கையேடு, சிலருக்கு மிதமானது. பயங்கரமான கையேட்டைப் படித்தவர்கள் 'ஊசி முக்கியம், போட்டுக்கொள்வேன்' என்று கூடுதலாகச் சொன்னார்கள். நிஜமாகப் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்? சுமார் 3 சதவீதம். இன்னொரு பகுதியினருக்குக் கையேட்டோடு இன்னும் கொஞ்சம் கொடுத்திருந்தார்கள். வளாகத்தின் வரைபடம், அதில் சுகாதார மையத்தைச் சுற்றி ஒரு வட்டம், ஊசி போடும் நேரம், 'உன் வார அட்டவணையைப் பார்த்து எப்போது போவாய் என்று யோசி' என்ற குறிப்பு. அவர்களில் சுமார் 28 சதவீதம் போனார்கள். அவர்கள் கடைசி ஆண்டு மாணவர்கள், அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் அல்ல. பயமே காட்டாமல் வரைபடத்தை மட்டும் கொடுத்த குழுவிலிருந்து யாரும் போகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1992-ல் கிம் விட்டே என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தார். பயமுறுத்தும் செய்தி ஒன்று வந்ததும் மனசு அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் கேட்கிறது. 'இது எனக்கு நடக்குமா, நடந்தால் பெரிசா?' என்பது முதலாவது. அதற்கு இல்லை என்று பதில் வந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஆமாம் என்றால் அடுத்தது: 'இதிலிருந்து தப்ப என்னால் ஏதாவது செய்ய முடியுமா?' முடியும் என்று தோன்றினால் ஆபத்தைச் சமாளிக்க இறங்குவார். முடியாது என்று தோன்றினால் பயத்தை மட்டும் சமாளிப்பார். முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஜோக் அடிப்பார், 'எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் பிடிச்சார்' என்பார். 'என்னால் முடியும்' என்ற அந்த உணர்வுக்குத் தன்திறன் நம்பிக்கை என்று பெயர். மண்டை ஓட்டுச் சுவரொட்டியில் இல்லாதது அதுதான். முதல் கேள்வியை உரக்கக் கேட்டுவிட்டு இரண்டாவதுக்கு வெறும் காகிதத்தை நீட்டுகிறது. முதல் கேள்விக்கே பல பிள்ளைகளின் பதில் 'எனக்கெல்லாம் நடக்காது' என்பதுதான். சாவு என்பது பதினைந்து வயதுக்கு ரொம்பத் தூரத்து ஊர்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 'தி ரியல் காஸ்ட்' என்ற தன் பிரசாரத்தை 2018 செப்டம்பரில் வேப்பிங் பக்கம் திருப்பியது. அதன் முதல் படத்தில் புழு மாதிரி ஏதோ ஒன்று பிள்ளைகளின் தோலுக்கடியில் நெளிந்து ஏறும். பயங்கரம்தான். ஆனால் அது காட்டும் ஆபத்து ஐம்பது வயதில் வரப்போவது இல்லை, இப்போதே உடம்புக்குள் புகுந்து உட்காரும் ஒன்று. சுவரொட்டிகளை உயர்நிலைப் பள்ளிகளின் கழிப்பறைகளிலேயே ஒட்டினார்கள். பிள்ளைகள் ஒளிந்து இழுக்கும் இடம் அது என்பதால், கை நீளும் அந்த நிமிடத்திலேயே செய்தி கண்ணில் படும். இடத்தைத் தேர்ந்த அந்த யோசனை எனக்குப் படத்தைவிடப் பிடித்திருந்தது.

ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைக்கு வேறு பேச்சு என்றேனே, அது இதுதான். அவனிடம் பயம் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியது வரைபடமும் வட்டமும். ட்ரூத் அமைப்பே 2019-ல் 'திஸ் இஸ் குயிட்டிங்' என்று ஒரு குறுஞ்செய்திச் சேவை தொடங்கியது. விடப்போகும் தேதியை நீங்களே குறிக்கிறீர்கள், தினமும் ஒரு செய்தி வரும், ஆசை பொங்கும்போது ஒரு சொல் அனுப்பினால் உடனே பதில் வரும். 18 முதல் 24 வயதுள்ள 2,588 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2021-ல் வந்தது. ஏழு மாதத்தில் சேவையைப் பெற்றவர்களில் 24.1 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், பெறாதவர்களில் 18.6 சதவீதம். பிரமாதமான வித்தியாசம் இல்லை என்று தோன்றலாம். ஒரு போனில் வரும் சில வரிகளுக்கு இது பெரிய பலன்.

ஆக, முரண்டு, பயம் இரண்டு பகுதிகளின் சாரம்: கட்டளை போட்டால் முரண்டு வரும், வழி காட்டாத பயம் முகத்தைத் திருப்ப வைக்கும்.

## புலி வருது

புலி வருது, புலி வருது என்று கத்திய பையன் கதை எல்லாருக்கும் தெரியும். தடுப்புப் பிரசாரத்தில் அந்தப் பையன் பெரும்பாலும் நாம்தான்.

'வேப்பிங் பண்ணினால் பாப்கார்ன் லங் வரும்' என்று எங்கு பார்த்தாலும் பகிர்கிறார்கள். அந்தப் பெயர் வந்தது, 2000-வாக்கில் அமெரிக்காவில் பாப்கார்ன் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வந்த நுரையீரல் நோயிலிருந்து. வெண்ணெய் வாசனைக்காகச் சேர்த்த டைஅசிட்டைல் என்ற பொருளை அவர்கள் நாள் முழுக்க, பெரிய அளவில் சுவாசித்தார்கள். சில வேப் திரவங்களில் அந்தப் பொருள் இருந்தது உண்மை. அதை வைத்து 'இழுத்தால் இந்த நோய் வரும்' என்று அடித்துச் சொல்வதற்கு ஆதாரம் போதாது.

2019-ல் அமெரிக்காவில் வேப்பிங் பழக்கம் உள்ளவர்கள் திடீர் திடீரென மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். எவாலி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர், 68 மரணங்கள். பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருந்தது கஞ்சாவின் போதைப்பொருள் கலந்த திரவங்களில் கலப்படமாகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட். இந்தத் தகவலைச் சரியாகச் சொன்னால் நல்ல எச்சரிக்கை. 'பாத்தியா, வேப் இழுத்தவன் எல்லாம் செத்தான்' என்று சொன்னால், தினமும் இழுத்தும் நடமாடிக்கொண்டிருக்கும் சீனியர் ஒருவனைப் பார்க்கும் பிள்ளை, நாம் சொன்ன மற்ற உண்மைகளையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைத்தான் பொதுப் பேச்சில் அதிகம் குழப்புகிறார்கள். 'சிகரெட்டைவிட வேப் தீங்கு குறைந்ததா?' என்பது ஒரு கேள்வி. 'வேப் தீங்கில்லாததா?' என்பது வேறொரு கேள்வி. பல வருடம் சிகரெட் பிடித்த ஐம்பது வயதுக்காரருக்கு முதல் கேள்விதான் முக்கியம். சிகரெட்டைக் கைவிட நிக்கோட்டின் வேப் சிலருக்கு உதவுகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுகளே சொல்கின்றன. எதையுமே தொடாத பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒப்பீடே தேவையில்லை. அவளுக்கு மாற்று சிகரெட் இல்லை, வெறும் காற்று. 'சிகரெட்டைவிட மோசம்' என்று பிள்ளையிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. 'நீ யாரோடு ஒப்பிடுகிறாய்?' என்று கேட்டால் போதும்.

சொல்வதற்கு உண்மையிலேயே வலுவான விஷயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று. நிறையப் பிள்ளைகள் 'டென்ஷன் குறையுது' என்று இழுக்கிறார்கள். இழுத்ததும் குறையத்தான் செய்கிறது. ஆனால் நிக்கோட்டின் இறங்க இறங்க எரிச்சலும் படபடப்பும் வரும். அடுத்த இழுப்பு அந்தப் படபடப்பைத்தான் தணிக்கிறது. இறுக்கமான செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து, கழற்றும்போது கிடைக்கும் சுகத்தைச் செருப்பின் புண்ணியம் என்று நினைப்பது மாதிரி. இதை ஒரு பிள்ளைக்குப் புரியவைத்துவிட்டால் மண்டை ஓடே தேவைப்படாது.

## ஊரே செய்யுதா?

ஊருடன் கூடி வாழ் என்று ஔவை வழியில் வந்த புத்தி நம் எல்லாருக்குள்ளும் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் கிடக்கும் ஒரு தேசியப் பூங்கா உண்டு. வருகிறவர்கள் சில்லுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் குழு அங்கே இரண்டு விதமான பலகைகள் வைத்துப் பார்த்தது. 'வந்தவர்கள் பலர் எடுத்துப்போய்ப் பூங்காவைச் சீரழித்துவிட்டார்கள்' என்று வருத்தப்பட்ட பலகை இருந்த இடத்தில், வேண்டுமென்றே போட்டுவைத்த சில்லுகளில் 7.92 சதவீதம் காணாமல் போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்ன இடத்தில் 1.67 சதவீதம். முதல் பலகை திருட்டைக் கண்டித்தது. படித்தவர்களுக்குக் கேட்டது 'எல்லாரும் எடுக்கிறார்கள்' என்பதுதான்.

நம்மைச் சுற்றி இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கணக்குக்குச் சமூக வழமை என்று பெயர். அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாக இருக்கும், அதுவும் கூடுதல் பக்கமாக. இழுக்கும் நான்கு பேர் கண்ணில் படுகிறார்கள், இழுக்காத முப்பது பேர் படுவதில்லை.

2018 டிசம்பரில் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி இளைஞர் வேப்பிங்கைக் கொள்ளைநோய் என்று அறிவித்தார். அந்த வருடக் கணக்கெடுப்பில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 20.8 சதவீதம் பேர் கடந்த 30 நாளில் வேப் இழுத்திருந்தார்கள். முந்தைய வருடம் 11.7. சட்டம் போடுகிறவர்களையும் பணம் ஒதுக்குகிறவர்களையும் எழுப்ப அந்தச் சொல் தேவைதான். அதையே பிள்ளைகள் காதில் திரும்பத் திரும்பப் போட்டால், 'அப்ப நான்தான் பாக்கியா?' என்று தோன்றும். அதே எண்ணைப் புரட்டினால் நூறில் எழுபத்தொன்பது பேர் அந்த மாதம் தொடவில்லை. இரண்டும் உண்மை. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இரண்டாவது.

கஞ்சாவுக்கு எதிராக அமெரிக்க அரசு 1998 முதல் 2004 வரை கிட்டத்தட்ட நூறு கோடி டாலர் செலவில் ஊடகப் பிரசாரம் நடத்தியது. 2008-ல் வெளியான மதிப்பீட்டில் பலன் தெரியவில்லை, சில இடங்களில் எதிர்விளைவின் அறிகுறிகூட இருந்தது. ஆய்வாளர்கள் சொன்ன ஒரு விளக்கம்: இத்தனை விளம்பரம் வருகிறது என்றால் இதை நிறையப் பேர் செய்கிறார்கள் போல என்று பிள்ளைகள் முடிவுகட்டியிருக்கலாம்.

## முன்கூட்டியே ஒரு சின்ன டோஸ்

இதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். 1960-களில் வில்லியம் மெக்குவயர் என்பவர், கருத்துகளுக்கும் தடுப்பூசி போடலாம் என்றார். பின்னால் வரப்போகும் வாதத்தின் பலவீனமான வடிவத்தை முன்கூட்டியே காட்டி, அதற்குப் பதிலையும் அவர்களையே யோசிக்க வைப்பது. மனத்தடுப்பூசி என்று வைத்துக்கொள்வோம். "சும்மா ஃபிளேவர்தான்டா, நிக்கோட்டினே இல்ல" என்று ஒருநாள் நண்பன் சொல்வான். அன்றைக்கு முதல் தடவையாக அதைக் கேட்கும் பிள்ளைக்குப் பதில் வராது. வகுப்பில் ஏற்கெனவே அந்த வரியைச் சொல்லி, சிரித்து, பிரித்துப் பார்த்த பிள்ளைக்கு வரும். "டப்பாவைக் காட்டு, என்ன போட்டிருக்குன்னு பாப்போம்" என்பது போதும்.

## பலித்ததா என்று எப்படித் தெரியும்

எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை லைக் வந்தது என்பதெல்லாம் செய்தி போய்ச் சேர்ந்ததற்கான கணக்கு. பெரியவர்கள் கைதட்டினார்கள் என்பது அதைவிடக் குறைவான கணக்கு. உருப்படியான வழி, பார்த்த குழுவையும் பார்க்காத குழுவையும் ஒப்பிட்டு, அந்த 'அநேகமாக மாட்டேன்' எத்தனை பேரிடம் 'நிச்சயமாக மாட்டேன்' ஆகியது என்று பார்ப்பது.

மொத்த எண்ணிக்கை குறைந்தாலும் புகழைப் பிரசாரத்துக்கே கொடுத்துவிட முடியாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் வேப் பழக்கம் 2019-ல் 27.5 சதவீதமாக இருந்தது, 2024-ல் 7.8-க்கு வந்தது. இடையில் 2019 டிசம்பரில் வாங்கும் வயது 21 ஆக உயர்ந்தது, 2020-ல் சில சுவைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது, பெருந்தொற்றில் பள்ளிகளே மூடிக் கிடந்தன. பிரசாரமும் அதில் ஒரு கை. எவ்வளவு பெரிய கை என்று பிரித்தெடுப்பது லேசான காரியம் இல்லை.

அந்தச் சுவரொட்டிப் போட்டிக்குத் திரும்புகிறேன். கதவுக்குப் பின்னால், பாதி மறைந்தபடி ஒன்று ஒட்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பென்சிலில் வரைந்தது. படுக்கையில் ஒரு பையன் தூங்குகிறான். தலைமாட்டில் வேப் ஒன்று கிடக்கிறது. அதிலிருந்து ஒரு சார்ஜர் ஒயர் புறப்பட்டு அவன் கழுத்தில் சொருகியிருக்கிறது. மேலே ஒரே வரி: 'யாரு யாருக்கு சார்ஜ் ஏத்துறாங்க?'

அவளுக்கு ஆறுதல் பரிசு கொடுத்தோம். முதல் பரிசு மண்டை ஓட்டுக்கு. மதிப்பெண் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.